எலி என்று சொல்லாத வீடு

எங்கள் வீட்டில் எலி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் மைனி கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நம்மையே பார்ப்பாள். திட்ட மாட்டாள். அந்தப் பார்வைக்கு அண்ணனே பயப்படுவான், நான் எம்மாத்திரம்.

மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு அவள் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்குப் பதினெட்டு வயது, அவளுக்கு இருபது. நெடுநெடுவென்று உயரம். நிலைப்படியில் குனியாமல் நுழைந்து நெற்றியில் இடித்துக்கொள்ளாத நாள் குறைவு. அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஊர் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி நாறடித்தது போதும்.

எலியைப் பற்றிப் பேசியே தீரவேண்டும் என்றால் அவளிடம் ஒரு சைகை உண்டு. இரண்டு கை ஆள்காட்டி விரலையும் மூக்கின் இரண்டு பக்கமும் வைத்து வெளியே இழுப்பாள். மீசை. சின்னது என்றால் விரல் கன்னத்தோடு நின்றுவிடும். பெருச்சாளி என்றால் காது வரைக்கும் போகும். பிறகு கண்ணால் இடத்தைக் காட்டுவாள். நெல்லுப்பெட்டிக்குப் பின்னால், அடுப்படியில், மச்சில். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு எங்கே பொறி வைத்தாள், எதில் மருந்து வைத்தாள், எப்போது வைத்தாள் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. செத்ததை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாழைக்குழிக்குப் போகும்போதுதான் நாங்களே பார்ப்போம்.

இதை மூடநம்பிக்கை என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் அவள் பக்கத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம், அடுக்களையில் சோறு தின்றுகொண்டே அண்ணன் சொன்னான்: "இஞ்ச எலி பெருத்துப் போச்சு. நாளைக்குச் சந்தையில இருந்து பொறி வாங்கியிட்டு வாறேன்." மறுநாள் காலையில் மைனி பெட்டியைத் திறந்து பார்த்தால், கல்யாணத்துக்கு எடுத்த கோடிப்புடவையின் முந்தி சல்லடையாகக் கிடந்தது. பெட்டியில் அண்ணனுடைய வேட்டி இருந்தது, என் சட்டை இருந்தது, பழந்துணி எத்தனையோ இருந்தது. ஒன்றையும் தொடவில்லை. புடவையை மட்டும், அதுவும் முந்தியை மட்டும். மைனி அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள். பிறகு அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்: "அது கேட்டுது பாத்தியளா?"

அன்றைக்கு மூடிய வாய்தான்.

எங்கள் சபை உபதேசியார் ஒருநாள் வீட்டு ஜெபத்துக்கு வந்தவர் இதைக் கேள்விப்பட்டு அவளைக் கேலி செய்தார். "எம்மா, எலிக்கு மனுஷ பாஷை தெரியும் எண்ணு வை. அது தமிழா, மலையாளமா?"

மைனி காப்பியை அவர் முன்னால் வைத்தாள். "இந்த ஊர்ல பொறந்தா ரெண்டும் தெரியும் உபதேசியாரே."

அந்த வருஷங்களில் அது வெறும் வேடிக்கைப் பேச்சு அல்ல. தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சந்தையில் நின்று ஒருவன் எந்த பாஷையில் விலை கேட்கிறான் என்று பக்கத்தில் நிற்கிறவன் கவனித்த காலம். வீட்டுக்குள் இரண்டையும் கலந்து பேசிவிட்டு வாசலுக்கு வந்து ஒன்றை மட்டும் பேசப் பழகினோம். நான் அமரவிளைக்கு அப்பால் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாத்தியார். பகலில் வாய்ப்பாடு, சாயந்திரம் கூட்டம். மேடை போட்டு, மைக் கட்டி, தொண்டை கிழியப் பேசுவோம்.

மைனிக்கு அது பிடிக்காது. போராட்டம் பிடிக்காது என்பதல்ல, எங்கள் முறை பிடிக்காது. ஒருநாள் நான் கூட்டத்துக்குக் கிளம்பும்போது மரச்சீனிக் கிழங்கை அரிந்துகொண்டே சொன்னாள்: "வாத்தியாரே, நெல்லு தின்னுத ஒரு சீவனைப் பிடிக்கதுக்கே மிண்டாம இருக்கணும். நீங்க நாடு பிடிக்கதுக்கு மைக் கெட்டுதிய."

மிண்டாமல் என்றால் எங்கள் ஊரில் பேசாமல் என்று அர்த்தம். அவள் வாயில் அதிகம் புழங்கிய சொல் அதுதான்.

மைனி எலியைக் கொல்வதை நான் ஒருமுறை கிட்ட நின்று பார்த்தேன். மரப்பெட்டிப் பொறியில் ஒன்று விழுந்திருந்தது. கிணற்றடியில் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, பெட்டியோடு அதை உள்ளே இறக்கி, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. குமிழி வந்துகொண்டிருந்தவரைக்கும் அசையாமல் நின்றாள், குமிழி நின்ற பிறகும் கொஞ்சநேரம் நின்றாள். "பாவமா இல்லியா மைனி?" என்றேன். "பாவந்தான். அதுக்கும் வயறு உண்டு, நமக்கும் வயறு உண்டு. ரெண்டுக்கும் நெல்லு தெகையாது" என்றாள். சாம்பலை அள்ளிக் கையை மூன்றுமுறை தேய்த்துக் கழுவிவிட்டு உள்ளே போய் எனக்கே தோசை சுட்டுத் தந்தாள். அந்தத் தோசை எனக்கு இறங்கவில்லை. அவளிடம் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் அன்றைக்குப் பிறகு கொஞ்சம் பயமும் உண்டு.

எலி விஷயத்தில் மட்டும்தான் இந்தக் கமுக்கம். மற்றதில் எல்லாம் மைனி உள்ளதை உள்ளபடி பட்டென்று போட்டு உடைக்கிற ஆள். ஒரு கூட்டம் கலைந்த மறுநாள் இரண்டு போலீஸ்காரர்கள் வீட்டு முற்றத்துக்கு வந்து, இந்த வீட்டிலிருந்து யாராவது போனார்களா என்று கேட்டார்கள். அண்ணன் "ஒருத்தரும் போகல்ல சாரே" என்றான். உள்ளேயிருந்து மைனி வந்தாள். "இவரு போகல்ல. கொழுந்தன் போனாரு" என்றாள். ஒரு பகல் முழுக்க என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்து, பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு அனுப்பினார்கள். வந்து நான் தையாதக்கா என்று குதித்தேன். அவளுக்கு நான் எதற்குக் குதிக்கிறேன் என்றே விளங்கவில்லை. "நல்ல காரியத்துக்கு எண்ணு சொல்லித்தானே போனிய? பின்ன எதுக்கு ஒளிக்கணும்?" என்றாள்.

அன்றைக்கு நான் அவளைப்பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். இவளுக்குப் பொய் சொல்ல வராது, ஆகவே இவளிடம் ரகசியம் சொல்லக்கூடாது என்று. வாத்தியார் மூளை. இரண்டும் வேறு வேறு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே இருந்திருக்காது.

மைனிக்கு ஒரே தம்பி. தாசையன் என்று பெயர். அம்மை சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தது இவள்தான். பதினெட்டு வயதில் மீசை முறுக்கிக்கொண்டு திரிந்தான், ஆனால் அக்காளைப் பார்த்ததும் மீசை தானாகத் தொங்கிவிடும். "எலே, தின்னியா?" என்பதுதான் அவள் அவனிடம் கேட்கிற முதல் கேள்வி, பல நேரம் கடைசிக் கேள்வியும் அதுதான். தேங்காயைத் துருவி வறுத்துக் கருப்பட்டியோடு இடித்து உருண்டை பிடித்து, அவன் வரும்போதெல்லாம் வாய் திறக்காமல் கையில் வைத்து அமுக்குவாள். அப்பனுக்குத் தெரியாமல் அவனுக்கு மட்டும் கொடுத்துப் பழகிய நாளிலிருந்து வந்த வழக்கம். எங்களுக்குக்கூட அதில் பங்கு கிடையாது.

தெற்கே ஓரிடத்தில் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்த ஊர்வலத்தில் தாசையன் கொடி பிடித்து முன்னால் போனவன். அதற்குப் பிறகு அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, அண்ணன் தன் துணிக்கடை வேலையாகப் பாறசாலைக்குப் போயிருந்தான், மைனி கோயிலில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். மத்தியானம் மரச்சீனி விளைக்குள்ளே குனிந்து குனிந்து தாசையன் வந்தான். சட்டை கிழிந்து, காலில் செருப்பில்லாமல் இருந்தான்.

"மூணு நாளு என்னை மச்சில போட்டு வை மக்கா. வியாழக்கெழம ஆளு வரும், ஆரல்வாய்மொழி தாண்டி மெட்ராசுப் பக்கம் போயிருவேன்" என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்காகிட்ட சொல்லாத. அவளுக்குப் பொய் வராது. கேட்டா உள்ளத சொல்லிப்போடுவா. போலீஸ்காரங்க அவளையும் சேத்துக் கொண்டு போவினும்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மேடையில் பேசிக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாக ஒரு காரியம் வாய்த்திருக்கிறது. பின்பக்கத்து அறைக்கு மேலே பலகை மச்சு. அங்கே நெற்றுத்தேங்காயும், வாட்டிக் காயவைத்த மரச்சீனிச் சாக்குகளும் கிடந்தன. ஏணி வழியாக ஏறி ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வாய், அவ்வளவுதான் வெளிச்சம். சாக்குகளுக்குப் பின்னால் பாய் விரித்துக் கொடுத்தேன். ஒரு செம்பில் தண்ணீர் வைத்தேன். மைனி புல்லறுக்கப் போகிற நேரம் பார்த்துத் தின்ன ஏதாவது கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஏற்பாடு. அண்ணனிடமும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். மைனி வாளியோடு வந்தாள். பக்கத்தில் வந்து நின்று, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, இரண்டு விரலையும் மூக்கின் பக்கத்தில் வைத்து இழுத்தாள். காது வரைக்கும். கண்ணால் மச்சைக் காட்டினாள். பிறகு உள்ளங்கையை விரித்து, இவ்வளவு பெரிது என்று காட்டினாள். அவளுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "ஆமா மைனி, நானும் கேட்டேன். பெரிசாக்கும்" என்றேன். அவள் சட்டென்று என் வாயைக் கையால் பொத்தினாள். கண்ணில் அவ்வளவு கோபம். சத்தமாகப் பேசியதற்குக் கோபம். நான் கையெடுத்துக் கும்பிடுவதுபோல் செய்து காட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

அவளுடைய முறை என்னவென்று எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் அந்த வீட்டில் பார்த்தவன். மச்சில் ஆள் இருப்பதும், அவள் சைகை காட்டினால் அடுத்தது என்ன நடக்கும் என்பதும் சேர்ந்து தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். நான் யோசிக்கவில்லை. எத்தனை தடவை எண்ணிப் பார்த்தாலும் இதற்கு வேறு பதில் கிடைக்கவில்லை. யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் வரும்போது ரோட்டில் பஸ் நின்றுவிட்டது. அமரவிளையில் ஆட்களை நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்றார்கள். ஏற்கெனவே பெயர் எழுதப்பட்டவன் நான். தலைமை வாத்தியார் "இன்னைக்கு இஞ்ச கெட, நாளைக்குப் போலாம்" என்று பிடித்து நிறுத்திக்கொண்டார். தாசையனுக்குச் சாப்பாடு இல்லையே என்று நினைக்காமல் இல்லை. ஒருநாள் பட்டினி கிடந்தால் ஆள் செத்தா போவான் என்றும் நினைத்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் வயல் வரப்பு வழியாக நடந்து வந்தேன். வீட்டுக்குப் பின்பக்கமாக நுழைந்து நேரே ஏணியில் ஏறினேன். மச்சு வாயில் தலையை விட்டதுமே வாடை அடித்தது. தாசையன் சாக்குகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தான். பாயெல்லாம் வாந்தி. வேட்டித் துணியைச் சுருட்டி வாயில் கடித்து வைத்திருந்தான், சத்தம் வெளியே வராமல் இருக்க. அதை எடுத்தேன்.

"வயறு வெந்து போகுது" என்றான். "நேத்து மத்தியானம் தின்னேன்."

"என்னத்தலே தின்னே?"

அவன் மறுபடியும் குமட்டினான்.

நான் இறங்கி ஓடினேன். மைனி அடுக்களையில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். "மைனி, மச்சில என்னத்த வெச்சிய?"

அவள் விரலை உதட்டில் வைத்தாள்.

எனக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல். நினைவு தப்பிப்போன விஷயங்கள் எத்தனையோ உண்டு. அந்த விரல் மட்டும் தப்பவில்லை. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு, லேசாகச் சிரித்து, தலையை ஆட்டினாள். சாகப்போகிறது, சத்தம் போடாதே என்று அர்த்தம். முந்தின நாள் விளக்கு வைக்கும் நேரத்திலிருந்து மச்சில் உருள்கிற சத்தத்தைக் கேட்டு, மருந்து வேலை செய்கிறது என்று அவள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னதாகப் பிறகு அண்ணன் சொன்னான்.

"மச்சில தாசையனாக்கும் மைனி" என்றேன்.

அவள் அலறவில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்தாள். நேராக எழுந்து போனாள், ஏணியில் ஏறினாள், அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக இறக்கினாள். நான் கீழே நின்று காலைப் பிடித்தேன், அது ஒரு உதவியா. உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றினாள். வாந்தி நின்றபாடில்லை. பக்கத்து விளைக்காரரின் மாட்டுவண்டியில் வைக்கோலைப் பரப்பிக் கிடத்தினோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். சொன்னேன்தான், மறைக்க விரும்பவில்லை. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "அடிச்சு விடுங்க" என்றாள்.

நான் பின்னால் அவன் தலையை மடியில் வைத்திருந்தேன். வண்டிச் சத்தத்தில் அவன் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது.

"அக்கா அறிஞ்சிட்டா எண்ணு நெனச்சேன்" என்றான். "கை மட்டும் உள்ள வந்துது. தேங்காய்ச் சிரட்டையை வெச்சிட்டு மிண்டாமப் போனா. தேங்காயும் கருப்பட்டியும். எனக்காக்கும் வெச்சா எண்ணு நெனச்சேன் மக்கா."

நான் அவன் வாயைத் துடைத்தேன்.

வழியில் போலீஸ் நின்றது. ஒருவர் வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஆரா இது?" என்றார். மைனி வண்டியிலிருந்து இறங்கவில்லை. "என் தம்பி. நீங்க தேடுத ஆளாக்கும். நான் வெச்ச பாஷாணத்தத் தின்னுட்டான். ஆசுபத்திரிக்கு வழி விடுங்க" என்றாள். அந்த மனிதர் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்தார். தடுப்புக் கழையைத் தானே தூக்கினார். வண்டியோடு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நடந்தும் வந்தார். வைத்தியர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்துபோயிற்று.

பிறகு அவளை உட்காரவைத்து விசாரித்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவனை மச்சில் ஒளித்து வைத்தது யார் என்று கேட்டார்கள்.

"அது சொல்லமாட்டேன்" என்றாள் மைனி.

"தெரியாதா?"

"தெரியாது எண்ணு சொல்லல்ல. சொல்லமாட்டேன் எண்ணு சொல்லுதேன்."

எத்தனை தடவை கேட்டாலும் அதே வார்த்தைதான். கடைசியில் எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்ற நான் அப்போதுதான் விஷயத்தைப் புரிந்துகொண்டேன். இவளிடம் திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாம். யார் வந்து கேட்டிருந்தாலும் இப்படியே வாசலில் நின்று "சொல்லமாட்டேன்" என்றிருப்பாள், கழுத்தை அறுத்தாலும் அதற்கு மேல் ஒரு சொல் வந்திருக்காது. பொய் சொல்லத் தெரியாதவள் காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று அவள் தம்பியும் நானும் முடிவு கட்டிவிட்டோம். அவளோடு ஒரே வீட்டில் சோறு தின்ற இரண்டு முட்டாள்கள்.

அடக்கத்துக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து எங்கள் தலைவர்களில் ஒருவர் வந்தார். கல்லறைத் தோட்டம் கொள்ளாத கூட்டம். ஜெபம் முடிந்ததும் அவர் ஒரு மேட்டில் ஏறி நின்று, அதிகாரத்தின் கொடுமையால் பலியான வீரன் என்று ஆரம்பித்தார். கூட்டம் கொதித்தது. நானும் கொதித்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படியே இருந்துவிடட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். அதில் அவனுக்கும் கௌரவம், எனக்கும் தப்பிப்பு.

மைனி பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து முன்னால் வந்தாள். அவளுடைய உயரத்துக்கு மேடை தேவைப்படவில்லை. "அவனை ஆரும் அடிக்கல்ல" என்றாள். "நான் வெச்ச மருந்தாக்கும். இந்தக் கை."

தலைவர் இறங்கி வந்து தணிந்த குரலில் ஏதோ சொன்னார். நானும் போய் அவள் கையைப் பிடித்தேன். "மைனி, இப்ப மிண்டாதிங்க. செத்தவனுக்கு ஒரு பேராவது கிடைக்கட்டும்."

"ஒரு தடவ மிண்டாம இருந்தேன்" என்றாள். "போதும்."

கூட்டம் கலைந்துவிட்டது. தோட்டத்தில் கடைசியில் குழிவெட்டியும் நாங்களும்தான் இருந்தோம். அன்றிலிருந்து ஊரில் அவளுக்குத் தம்பிக்கு விஷம் வைத்தவள் என்று பெயர். போராட்டம் நடத்தியவர்களே அவளை ஒற்றைக்காரி, போலீசுக்குக் காட்டிக்கொடுத்தவள், என்றும் சொன்னார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என் பெயரை அவள் காப்பாற்றிக் கொடுத்தாள், நான் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

இரண்டொரு வருஷத்தில் எல்லை வரைந்தார்கள். தெற்கே நான்கு தாலுகா சென்னையோடு போயிற்று. எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. தாசையன் எதற்காகக் கொடி பிடித்தானோ, அது அவன் கல்லறைக்கு வந்து சேரவில்லை.

மைனி அதற்குப் பிறகு ஒரு எலியையும் கொல்லவில்லை. பொறியை அண்ணன் யாருக்கோ கொடுத்துவிட்டான். நெல்லுப்பெட்டியில் ஓட்டை விழுந்தது, கூரை உத்திரத்தில் பட்டப்பகலில் ஓடும். ஒருநாள் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது குதிகாலைக் கடித்து ரத்தம் வந்தது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டாள். மச்சில் ஒரு சாக்கை எடுக்கவோ தேங்காய் போடவோ யார் ஏணியைச் சாய்த்தாலும், எங்கே இருந்தாலும் ஓடி வந்து, கீழே நின்று முதலில் மேலே பார்த்துக் கூப்பிடுவாள்: "மேல ஆருண்டு?" பதில் வராது என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் ஏற விடுவாள். வேலைக்கு வந்த ஆட்கள் சிரிப்பார்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அண்ணன் போய்ச் சேர்ந்து, நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதியன்னூரில் வீடு கட்டிக்கொண்ட பிறகு, மாதத்துக்கு இரண்டு தடவை அவளைப் பார்க்கப் போவேன். வாதம் வந்து படுத்திருந்தாள். அந்த உயரமெல்லாம் கட்டிலில் மடங்கிக் கிடந்தது. ஒரு மத்தியானம் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கிவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வண்டியில வெச்சு அவன் என்னவோ சொன்னான், இல்லியா?" என்றாள்.

முப்பது வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஒண்ணும் சொல்லல்ல மைனி. பேச்சே இல்லாமக் கெடந்தான்."

அவள் மச்சுப் பக்கம் பார்த்தாள்.

"அண்ணைக்கு அவனை எடுக்க ஏறினேன் இல்லியா. சிரட்டை மச்சு வாயில, நான் வெச்ச எடத்திலயே இருந்துது. செம்புத் தண்ணியில கழுவி, கவுத்தி வெச்சிருந்தான். ஆளு தின்ன பாத்திரத்த திருப்பிக் குடுக்கது போல." மூச்சு வாங்கியது. "நான் குடுத்தேன் எண்ணு நெனச்சாக்கும் தின்னான். எனக்கு அப்பமே தெரியும் மக்கா."

அப்போதே தெரியும். அந்த ஏணியின் மேல்படியிலேயே தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அவனைத் தோளில் போட்டு இறக்கியிருக்கிறாள், உப்புத் தண்ணீர் கரைத்திருக்கிறாள், வண்டியில் ஏறியிருக்கிறாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"சொன்னான் மைனி" என்றேன். "அதேதான் சொன்னான். அக்கா எனக்கு வெச்சா எண்ணு நெனச்சேன் எண்ணு சொன்னான்."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல்ல?"

"எப்படிச் சொல்லுவேன்? நீங்க தாங்க மாட்டிய எண்ணு."

மைனி விளங்கும் கையை நகர்த்தி என் முழங்கையில் வைத்தாள். எலும்புதான் இருந்தது.

"நான் உன்கிட்ட சொல்லாததும் அதுக்காக்கும்" என்றாள். "நீ தாங்க மாட்டே எண்ணு."